மைக்கேல் பாரடேயும் சொற்பொழிவு மண்டபமும்

அறிவாகிய செல்வம் இருவகையாற் பெறப்படும். ஒன்று நூல்களைக் கற்றல்; மற்றொன்று கற்றோர் கூறக் கேட்டல். கல்லூரி வாயிலை மிதிக்கும் பேறு வாய்க்கப் பெறாதார்க்கும் இவ்விரண்டாவது வழி அடைபடாது திறந்திருத்தல் வேண்டும். அவ்வழி ஒரு சிறிதே திறந்திருந்தமையால் ஏழைக் கொல்லர் ஒருவருடைய மைந்தர் உலகம் போற்றும் பேரறிஞரானார். ஆனபின், தாம் நுழைந்த வாயிலைப் பிறர்க்கும் அகலத் திறந்து வைத்தார். அவரே மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர். அவர் கண்ட மின்சார உண்மைகளை நம்மிற் பலர் பாடப் புத்தகங்களிற் படித்திருப்பர். தமிழ் பயிலும் மாணவராகிய யாம் அவ்வுண்மைகளை ஆராயப் புகுந்தோமில்லை. அவர் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்த வகையையும், பின்னர்த் தாமே சொற்பொழிவாளராய் விளங்கிய வகையையுமே ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றோம்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், வடநாட்டினின்றும் பிழைப்பு நாடி வந்த கருமான். அடிக்கடி நோய்வாய்ப்பட்டு உலைக்களம் செல்லவியலாது வருந்தியவர். தாயார் மார்கரெட் பொறுமையே உருவானவர். மக்கள் நால்வருள் மைக்கேல் மூன்றாமவர். 1801-ஆம் ஆண்டிலே தானிய விலை மிக உயர்ந்தபோது, அச்சிறுவருக்கு வாரத்திற்கு ஒரு ரொட்டியே பங்காகக் கிடைத்ததென்பர். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே அவர் பள்ளியிற் கற்றவை. குடும்பத்தார் ஸாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையைச் சார்ந்தவர். எளிய வாழ்வும், பொருளைக் குவித்து வையாமையும், ஒருவர்க்கொருவர் உதவுதலும் அச்சபையார் கைக்கொண்ட ஒழுக்கங்கள். அவ்வொழுக்கம் இறுதிவரை பாரடேயை விட்டு நீங்கவில்லை.

1804-ஆம் ஆண்டு, தம் பதின்மூன்றாம் வயதில், அவர் பிளாண்ட்போர்டு வீதியிலிருந்த ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் ஏவலாளாய் அமர்ந்தார். செய்தித்தாள்களை வீடுதோறும் கொண்டு கொடுத்தலும், வாசித்து முடித்த பின் திரும்ப வாங்கி வருதலும் அவர் வேலை. அடுத்த ஆண்டு, புத்தகங்களுக்குக் கட்டடம் செய்யும் தொழிலை ஏழாண்டு பயிலும் பிள்ளையாக ரீபோ அவரை ஏற்றுக்கொண்டார். பையனுடைய நல்லொழுக்கத்தைக் கருதி, அக்கால வழக்கப்படி பெறவேண்டிய முன்பணத்தையும் பெற்றாரில்லை. தைத்து ஒட்டுதற்கு வந்த நூல்களை அப்பிள்ளை பிரித்துப் படித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியும், மார்ஸெட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஐஸக் வாட்ஸ் என்னும் போதகர் மனப் பயிற்சியைப் பற்றி எழுதிய நூலோ அவருக்கு ஆசிரியனாகவே அமைந்தது. படித்தவற்றைக் குறித்து வைத்தல், நண்பருடன் கடிதம் எழுதிப் பழகுதல், சொற்பொழிவுகளுக்குச் செல்லுதல் என அந்நூல் வகுத்த முறைகளை அவர் ஒன்றும் விடாது கைக்கொண்டார்.

ஒருநாள் தெருவிற் செல்லும்போது, கடைச் சன்னலொன்றில் தொங்கிய விளம்பரம் அவர் கண்ணிற் பட்டது. டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் இயற்கை விஞ்ஞானத்தைப் பற்றி மாலைதோறும் விரிவுரை நிகழ்த்துவதாகவும், கட்டணம் ஒரு ஷில்லிங் என்றும் அதில் எழுதியிருந்தது. தொழில் பயிலும் பிள்ளைக்கு ஒரு ஷில்லிங் சிறு தொகையன்று. கருமானாய் உழைத்து வந்த தமையனார் ராபர்ட் அதனைக் கொடுத்துதவினார். 1810-ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாக அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை பன்னிரண்டு பதின்மூன்று விரிவுரைகளைப் பாரடே கேட்டார். கேட்டவற்றை எழுதிக் கொண்டார். கருவிகளின் உருவத்தை வரைதற்பொருட்டு, ரீபோவின் வீட்டிற் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் சித்திரமும் பயின்றார். எழுதியவற்றைத் தம் கையாலேயே கட்டடம் செய்து நூலாக்கினார்.

டேட்டம் இல்லத்திற் கூடிய அவை, நகரத் தத்துவ சங்கம் எனப் பெயர் பெற்றிருந்தது. அதன் உறுப்பினர் பெரும்பாலும் கைத்தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளுமாவர். புதன்கிழமை மாலைகளில் அவர்கள் கூடி, ஒருவர் மாறி ஒருவர் பேசியும் வினவியும் அறிவு வளர்த்தனர். பின்னாளில் பாரடேயும் நண்பர் சிலரும் தம்முள் ஒரு சிறு குழுவாய்ச் சேர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றையோர் கேட்டு, உச்சரிப்பையும் சொல்லமைதியையும் ஒருவர்க்கொருவர் திருத்திக்கொண்டனர். கட்டுரைகள் எழுதிப் பெயர் குறியாது வாசித்து ஆராய்ந்தனர். பட்டமும் பரிசும் நோக்காது இளைஞர் சிலர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்ட இக்கூட்டமே பாரடேக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

இனி, அவர் வாழ்வோடு பிரிவறப் பிணைந்த ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிலையத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அஃது 1799-ஆம் ஆண்டு, ரம்போர்டு பிரபு முதலியோர் முயற்சியால் இலண்டனில் நிறுவப்பட்டது. ஆல்பமார்ல் வீதியில் இன்றும் விளங்குகின்றது. விஞ்ஞானத்தை வாழ்வுக்குப் பயன்படச் செய்தலும், அதனைப் பொதுமக்களுக்கு விரிவுரை வாயிலாகப் பரப்புதலும் அதன் நோக்கங்கள். தொழிலாளரும் வந்து கேட்கவேண்டுமென்று கருதி, சிற்பியாகிய வெப்ஸ்டர் என்பார் விரிவுரை மண்டபத்தின் மேன்மாடத்திற்குத் தெருவினின்றும் ஏறிச் செல்லத் தனிப் படிக்கட்டு ஒன்றைக் கல்லால் அமைத்தார். ஆயின், தொழிலாளர் அறிவு பெறுதல் நாட்டுக்குக் கேடு என அஞ்சுவோரும் அக்காலத்தில் இருந்தனர். அப்படிக்கட்டு சில ஆண்டுகளுள் இடித்தகற்றப்பட்டது. செல்வரும் பிரபுக்களுமே மண்டபத்தை நிறைத்தனர். ஸர் ஹம்ப்ரி டேவி பேசும் நாட்களில் வண்டிகள் நெருங்கி வழி அடைபட்டமையால், அவ்வீதியை ஒருவழிப் பாதையாக்க நேர்ந்ததென்பர்.

படிக்கட்டு இடிபட்ட அம்மேன்மாடத்திலே, 1812-ஆம் ஆண்டு, கொல்லர் மகன் சென்று அமர்ந்தார். ரீபோவின் கடைக்கு வந்த டான்ஸ் என்னும் பெரியார், பையன் எழுதிக் கட்டிய குறிப்பு நூலைக் கண்டு மகிழ்ந்து, டேவியின் விரிவுரைகள் நான்கிற்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். கடிகாரத்துக்கு மேலேயிருந்த இருக்கையிலிருந்து பாரடே அந்நான்கையும் கேட்டார். டேவி அந்நிலையத்தில் நிகழ்த்திய இறுதி விரிவுரைத் தொடர் அதுவேயாகும். சிறிது காலந் தாழ்த்திருப்பின் அவ்வாய்ப்பு என்றும் கிட்டியிராது. சீட்டளித்த டான்ஸ் என்பார் அதனை ஒரு சிறு உபகாரமாகவே எண்ணியிருப்பர். அச்சிறு உபகாரம் உலகத்துக்கு எத்துணை நன்மை பயந்ததென்பதை யார் அளவிடவல்லார்!

விரிவுரைக் குறிப்புக்களை விரித்தெழுதி, படங்கள் வரைந்து, முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலாகக் கட்டடம் செய்து, அவ்வாண்டு டிசம்பரில் டேவிக்கு அனுப்பினார் பாரடே. விஞ்ஞானப் பணியில் எத்துணைச் சிறிய வேலையாயினும் வேண்டுமென்பதே விண்ணப்பம். இதற்கு முன்னர் ராயல் சொஸைட்டியின் தலைவருக்கு எழுதிய கடிதத்துக்கு விடையே வந்ததில்லை. டேவியோ அன்புடன் விடை எழுதினார். எனினும், நேரிற் கண்டபோது, கைத்தொழிலை விடவேண்டாமென்றே அறிவுரை கூறினார். அடுத்த சில வாரங்களில் ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒருவர் சண்டையிட்டமைக்காக விலக்கப்பட்டார். 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் பாரடே அவ்விடத்தில் நியமனம் பெற்றார். சிறு வாரச் சம்பளமும், மேல்மாடியில் இரண்டு அறைகளும் அவருக்குக் கிடைத்தன.

அவ்வாண்டு இறுதியில் டேவி ஐரோப்பியப் பிரயாணம் புறப்பட்டபோது, பாரடே உதவியாளராய் உடன் சென்றார். வரவேண்டிய ஏவலாள் வராமையின் அவ்வேலையும் இவர் தலையில் வீழ்ந்தது. டேவியின் மனைவியார் இவரைப் பணியாளர் வரிசையிலேயே வைத்து நடத்தினார். மானம் நொந்த இளைஞர் வீடு திரும்பிவிடவும் எண்ணினார். எனினும், பாரிஸில் ஆம்பியரையும், இத்தாலியில் முதியவராகிய வோல்டாவையும் காணும் பேறு பெற்றதனை நினைந்து பொறுத்துக்கொண்டார். 1815-இல் திரும்பியபோது, உலகத்தையே பாடப் புத்தகமாகக் கற்ற ஒருவராய் வந்தார்.

சொற்பொழிவு ஆற்றுதல் தமக்கு இயல்பாய் வரும் என்று பாரடே ஒருபோதும் நம்பியிருந்ததில்லை. பேசத் தொடங்குமுன்னரே, 1813-ஆம் ஆண்டில், தம் நண்பர் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில் இக்கலையைத் துருவித் துருவி ஆராய்ந்தார். மண்டபத்தில் காற்றோட்டம் உளதா, கேட்போர் எளிதில் வந்து போக வழி உளதா, சோதனைகள் கடைசி வரிசையினர்க்கும் புலனாகுமா என்றெல்லாம் நோக்கினார். சபையோர்க்கு முதுகைக் காட்டலாகாது. கைதட்டலை விரும்பிப் பேசலாகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் பொறுமையைச் சோதித்தல் கூடாது என்பன அவர் கண்ட முடிவுகள். 1816-இல் நகரத் தத்துவ சங்கத்தில் இரசாயனத்தைப் பற்றித் தம் முதல் விரிவுரைகளை நிகழ்த்தினார். பின்னர், கட்டணம் செலுத்தி, ஸ்மார்ட் என்னும் ஆசிரியரிடம் பேச்சுக்கலை பயின்றார். புகழ் பெற்ற பின்னும், மெதுவாகப் பேசவேண்டுமென்று நினைவூட்டும் அட்டையொன்றைத் தம்முன் வைத்திருந்தார். அதனை மறந்து விரைந்தாராயின், அவருடைய உதவியாளராகிய ஆண்டர்ஸன் அதனைக் கண்முன் நகர்த்துவார். மணி முடியுந் தறுவாயில் நேரத்தைக் குறிக்கும் மற்றோர் அட்டையை வைப்பார். பேச்சாளர் பலர்க்கு இவ்விரண்டு அட்டைகளும் இன்றும் வேண்டப்படுவனவே!

1821-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஸாரா பர்னார்டு என்னும் நங்கையை அவர் மணந்தார். அடுத்த திங்களில் சபையின் முன்னின்று தம் விசுவாசத்தை அறிக்கை செய்தார். அவ்வாண்டிலேயே மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்து காட்டினார். 1825-இல் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். அப்போது நிலையம் பொருள் முட்டுப்பாட்டால் தளர்ந்திருந்தது. அதனை நிமிர்த்தற்கு அவர் கண்ட வழி நன்கொடைக்கு அலைதலன்று; சொற்பொழிவே ஆகும். வெள்ளிக்கிழமை இரவுகளில் உறுப்பினரும் அவர்தம் நண்பரும் கூடிக் கேட்கும் விரிவுரைகளை அவர் தொடங்கி வைத்தார். 1826-ஆம் ஆண்டு பெப்ரவரி 3-ஆம் நாள் இரப்பரைப் பற்றித் தாமே பேசினார். தம் வாழ்நாளில் அவ்விரவுகளில் நூற்றுக்கு மேற்பட்ட முறை பேசியுள்ளார். ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே வந்து கேட்டனர். நிலையம் தலை நிமிர்ந்தது. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் அவர்கள் 1897-ஆம் ஆண்டு மின் அலைகளைப் பற்றிப் பேசியதும் இவ்வெள்ளி இரவு வரிசையிலேயாம்.

சிறுவர்க்கென்று கிறிஸ்மஸ் விடுமுறையில் நிகழும் விரிவுரைகளும் 1825-இலேயே தோன்றின. 1827 முதல் 1861 வரை பத்தொன்பது தொடர்களைப் பாரடே நிகழ்த்தினார். காந்தத்தின் வன்மையைச் சொல்லால் விளக்குதல் போதாதென்று கருதி, கரிக்கூடையையும் நெருப்புக் கிளறும் கோலையும் பெரிய காந்தத்தின்மேல் எறிந்து அவை ஒட்டிக்கொள்வதனைக் காட்டினார் என்பர். 1855-இல் அரசியாரின் கணவராகிய ஆல்பர்ட் இளவரசர் தம் மைந்தரை அழைத்துவந்து முன்வரிசையில் அமர்ந்தார். அரச குமாரர்க்கு ஒரு பேச்சும் பிறர்க்கு ஒரு பேச்சுமாகப் பாரடே பேசினாரில்லை.

அவ்விரிவுரைகளுள் தலைசிறந்தது மெழுகுவத்தியைப் பற்றியது. ஏழை வீட்டிலும் எரியும் ஒரு பொருளையே அவர் எடுத்துக்கொண்டார். 1782-இல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்னும் கப்பலினின்று எடுத்த மெழுகுவத்தி ஒன்று, நெடுங்காலம் உப்பு நீரிற் கிடந்தும் எரிவதனைக் காட்டினார். சுடரின் வெப்பத்தால் மேலெழும் காற்று, மெழுகின் விளிம்பைக் குளிரச் செய்து கிண்ணம்போல் நிறுத்தும் வகையையும், உருகிய மெழுகு திரியின் வழியே ஏறும் வகையையும் விளக்கினார். சுடரினின்றும் நீர் பிறப்பதையும், கரியமில வாயு வெளிப்படுவதையும் சோதித்துக் காட்டினார். முடிவில், மெழுகுவத்தி எரிதலும் நம் உடலில் மூச்சு நிகழ்தலும் ஒரு தன்மையவே என்னும் உண்மைக்குச் சிறுவரை மெல்ல அழைத்துச் சென்றார். நாவலாசிரியராகிய டிக்கன்ஸ் 1850-இல் இவருடைய குறிப்புக்களை வேண்டிப் பெற்றுத் தம் பத்திரிகையின் வாயிலாகப் பரப்பினார். 1861-இல் அவ்விரிவுரைகள் ஆறும் நூல் வடிவில் வெளிவந்தன. மண்டபத்துட் புகவியலாதார் கைக்கும் அம்மண்டபம் நூலாய்ச் சென்று சேர்ந்தது.

இதற்கிடையே, 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், இரும்பு வளையமொன்றிற் சுற்றிய இரு கம்பிச் சுருள்களைக் கொண்டு மின்தூண்டலைக் கண்டார் பாரடே. அடுத்த சில வாரங்களில் காந்தத்தை அசைத்தே மின்சாரம் உண்டாக்கினார். இன்று நம் விடுதி அறையில் விளக்கெரிவது அவ்வாய்வின் பயனேயாகும். அவர் விரும்பியிருப்பின் தொழிற்சாலையாளர்க்கு ஆலோசனை கூறியே பெருஞ்செல்வராயிருக்கலாம். அவ்வருவாயை வேண்டாவென ஒதுக்கி, ஆராய்ச்சியையும் விரிவுரையையுமே மேற்கொண்டார். ஸர் பட்டத்தையும் ராயல் சொஸைட்டியின் தலைமையையும் ஏற்க மறுத்தார்.

அக்காலத்தில், மேசையைச் சுற்றி அமர்ந்து கைவைத்தால் ஆவிகள் அதனை அசைக்கும் என்னும் மயக்கம் கற்றாரிடையும் பரவிற்று. பாரடே 1853-இல் ஒரு கருவி அமைத்து, அமர்ந்திருப்போர் தாம் அறியாமலே மேசையைத் தள்ளுகின்றனர் என்பதனை மெய்ப்பித்தார். அடுத்த ஆண்டு நிகழ்த்திய விரிவுரையொன்றில், பிறரை ஐயுறுதலினும் தன் விருப்பத்தால் தானே மயங்காதவாறு காத்துக்கொள்ளுதலே கல்வியின் கடினமான பகுதி என்னும் கருத்தை வற்புறுத்தினார். ஆயிரம் பேர் கைதட்டும் மேடையில் நின்ற ஒருவர் இதனைக் கூறினார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவருக்கு மற்றொரு மேடையும் இருந்தது. தம் சபையின் மூப்பராய் அவர் சிறு ஆலயத்திற் பேசினார். அங்கே சோதனைகளில்லை, சொல்லழகுமில்லை. வேத வாக்கியங்களை அடக்கத்தோடு கோத்துக் கூறுதலே அவர் வழக்கம். மண்டபத்தில் அவர் பேச்சைக் கேட்டு வியந்தோர் ஆலயத்திற் கேட்டு ஏமாற்றமுற்றதுண்டு. மனிதர் கண்ட உண்மையைக் கூறுமிடத்துத் தம் திறமனைத்தையும் காட்டியவர், தேவனுடைய வார்த்தையைக் கூறுமிடத்துத் தம்மை மறைத்துக்கொண்டார் என்றே யாம் கருதுகின்றோம்.

நினைவாற்றல் குன்றுதலே அவர் வாழ்வின் பெருந்துன்பம். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கடுந்தளர்ச்சி அவரைப் பற்றிற்று. பின்னும் எழுந்து அரிய ஆராய்ச்சிகள் செய்தாரெனினும், மறதி ஆண்டுதோறும் பெருகிற்று. சொல்லே கருவியாகக் கொண்டவர்க்குச் சொல் நழுவுதலினும் கொடியது யாது? அவர் அதனை மறைத்தாரில்லை. 1861-இல் சிறுவர் விரிவுரையினின்றும் விலகினார். 1862-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், தம் இறுதி வெள்ளி இரவு விரிவுரையை நிகழ்த்தி, முப்பத்தாறு ஆண்டு நின்ற மேடையினின்றும் இறங்கினார். சபையோர் விரும்பி அழைக்கையிலேயே, தம் குறையைத் தாமே உணர்ந்து இறங்குதற்குப் பேசத் தொடங்குதலினும் மிகுந்த துணிவு வேண்டும். அரசியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லறையொன்றில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வளர்த்த கிறிஸ்மஸ் விரிவுரைகள், போர் நிகழ்ந்த 1939 முதல் 1942 வரையுள்ள ஆண்டுகள் நீங்கலாக, இன்றளவும் நடைபெற்று வருகின்றன. 1966 முதல் தொலைக்காட்சி வாயிலாகவும் அவை வீடுதோறும் சென்றுள்ளன. இடிக்கப்பட்ட படிக்கட்டு இவ்வாறு வேறு வடிவில் மீண்டும் கட்டப்பட்டது.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரியிலும் சங்கக் கூட்டங்கள் நிகழ்கின்றன. அறிஞர் வந்து பேசுகின்றனர். நூல்களைப் பற்றிய ஆராய்ச்சி உரைகள் நடைபெறுகின்றன. கட்டணமின்றிக் கிடைத்தலின், பின்வரிசை இருக்கைகளை வெறிதாய் விட்டுச் செல்கின்றோம். ஒரு ஷில்லிங் இன்றித் தமையனார் முகத்தை நோக்கி நின்ற பாரடேயை அவ்வமயங்களில் நினைவு கூர்வோமாக. கேட்கச் செல்வோம், கேட்டதை எழுதுவோம், எழுதியதை நண்பரோடு ஆராய்வோம். கல்லூரியை விட்டு நீங்கிய முன்னோராகிய பெரியீர், நும் ஊரில் புத்தகக் கடையிலோ பட்டறையிலோ அறிவு வேட்கையுடன் நிற்கும் ஓர் இளைஞனைக் காண்பீராயின், அவனுக்கு ஓர் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுமின். அதன் பயன் எங்கே சென்று முடியும் என்பதனைச் சீட்டளித்தவர் அறியாமற் போகலாம், அறியவேண்டும் என்பதுமில்லை.